காணியைப் பிடித்துக்கொண்டு முயற்சியைப் போதிக்காதீர்கள்

வன்னியில் எந்த மேடையில் யார் பேசினாலும் இன்று ஒரே உபதேசம்தான் கேட்கிறது. பாடசாலைப் பரிசளிப்பு விழா, சுயதொழில் பயிற்சிப் பட்டறை, இளைஞர் தலைமைத்துவக் கருத்தரங்கு, ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த புலம்பெயர் உறவின் சிறப்புரை என்று இடம் மாறுமே தவிரப் பேச்சு மாறாது. "உங்கள் வாழ்க்கை உங்கள் கையில். மனதை மாற்றுங்கள், நிலைமை மாறும். வெறுங்கையோடு அமெரிக்காவுக்குப் போனவன் கோடீஸ்வரன் ஆகவில்லையா?" மேடையை விட்டு இறங்கியதும் இதன் மறுபாதி வரும்: "இந்தச் சனம் நிவாரணத்துக்குப் பழகிப்போச்சு. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் கைநீட்டிக்கொண்டே நிற்குது. முயற்சி இல்லை."

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் வறுமைக்கு அங்குள்ள மக்களின் மனப்பாங்கே காரணம் என்ற இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். உதாரணம் காட்டப்படும் அமெரிக்காவின் சரித்திரமே இதற்கு எதிராக நிற்கிறது. வன்னியின் சரித்திரம் இன்னும் உரத்து எதிர்க்கிறது.

மறுப்பதற்கு முன், இந்த உபதேசத்தில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய தகுதியைப் பிறப்பு தீர்மானிப்பதில்லை, உழைப்பால் எவரும் உயரலாம் என்ற எண்ணத்தை அமெரிக்கா உலகெங்கும் பரப்பியது. சாதி பார்த்துக் கோயில் கதவையும் கிணற்றையும் அடைத்த எங்கள் சமூகத்துக்கு அது தேவையான எண்ணம். எம்.எஸ். உதயமூர்த்தி அமெரிக்காவில் வாழ்ந்த அனுபவத்தோடு 'எண்ணங்கள்' போன்ற நூல்களை எழுதியபோது இளைஞர்கள் அவற்றைத் தேடித்தேடி வாசித்தார்கள். வசதியில்லாத வீட்டுப் பையனிடம் "உன்னாலும் முடியும்" என்று சொன்ன எழுத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். நெடுங்காலம் நிவாரண வரிசையில் நிறுத்தப்பட்டால் மனிதர் சோர்ந்துபோவார் என்பதும் உண்மை. முயற்சியை இழிவுபடுத்த நான் எழுதவில்லை. முயற்சி பலன் தருவதற்கு எவையெல்லாம் முன்கூட்டியே இருக்கவேண்டும் என்பதை மறைத்துவிட்டு, பலன் வராதபோது உழைத்தவரையே குற்றவாளியாக்கும் பேச்சைத்தான் எதிர்க்கிறேன்.

அமெரிக்காவிலிருந்தே தொடங்குவோம். சுயமுன்னேற்றப் பேச்சாளர் எல்லோருக்கும் ஆதிபுருஷர் பெஞ்சமின் பிராங்ளின். 1706 இல் பொஸ்டன் நகரில் மெழுகுதிரி செய்பவரின் மகனாகப் பிறந்தவர். 1723 இல், பதினேழு வயதில், அண்ணனின் அச்சகத்திலிருந்து ஓடிப்போய் பிலடெல்பியாவில் கால்வைத்தவர். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, தினமும் எதில் தவறினேன் என்று கொப்பியில் புள்ளி வைத்தவர். இந்தப் பட்டியலை எல்லோரும் சொல்வார்கள். அதே பிராங்ளின் 1727 இல் தன்னைப் போன்ற தொழிலாளரையும் சிறு வியாபாரிகளையும் சேர்த்து ஒருவரையொருவர் வளர்க்கும் சங்கம் ஒன்றை அமைத்ததை யாரும் சொல்வதில்லை. தனியாகப் புத்தகம் வாங்க வசதியில்லாத அந்த மனிதர்கள் 1731 இல் காசு சேர்த்துப் பொது நூலகம் தொடங்கினார்கள். 1736 இல் ஊர்மக்களின் தீயணைப்புச் சங்கம் வந்தது. தனிமனித முன்னேற்றத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் வாழ்நாள் முழுவதும் சங்கம் அமைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்து வருபவர்கள் அமெரிக்கச் சிந்தனையாளர்களான எமர்சனும் தோரோவும். தன்னைத் தானே நம்பி வாழ்வது பற்றிய எமர்சனின் புகழ்பெற்ற கட்டுரை 1841 இல் வெளிவந்தது. 1845 இல் தோரோ வால்டன் குளக்கரையில் சிறு குடில் கட்டி, எளிமையாகவும் தனித்தும் வாழ்ந்து பார்த்தார். உலகம் வியக்கும் அந்தப் பரிசோதனை நடந்த காணி எமர்சனுக்குச் சொந்தமானது. நண்பர் இருக்கவிட்டார், அவர் இருந்தார். காலையில் எழுந்து, யார் வந்து எழுப்பப் போகிறார்களோ என்று பயப்படாமல் அவரை ஏரும் பேனாவும் பிடிக்கவைத்தது அந்த அனுமதிதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சியம் அமெரிக்க அரசு எழுதிய சட்டங்களில் இருக்கிறது. 1862 மே மாதம் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியிருப்புக் காணிச் சட்டத்தின்படி, ஒரு குடும்பம் ஐந்து வருடம் தங்கிப் பயிர்செய்தால் 160 ஏக்கர் அரச காணி சொற்பக் கட்டணத்தோடு சொந்தமாகும். காலப்போக்கில் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர் இப்படிப் பகிரப்பட்டது. அது பூர்வகுடிகளை விரட்டிவிட்டுப் பிடித்த நிலம். "சொந்தக் காலில் நின்றவர்கள்" என்று பின்னால் பாராட்டப்பட்ட எத்தனையோ குடும்பங்களின் கால்கள் அரசு கொடுத்த காணியில் நின்றன.

அதே நாட்டில், மூன்றே வருடங்களின் பின் நடந்ததைப் பாருங்கள். 1865 ஜனவரியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்களுக்குத் தென்கரையோரத்தில் நாற்பது ஏக்கர் வரை காணி ஒதுக்கும்படி ஜெனரல் ஷேர்மன் கட்டளையிட்டார். மக்கள் போய் விதைக்கத் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் பதவிக்கு வந்த அன்ட்ரூ ஜோன்சன் அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அந்தக் காணிகளைப் பழைய எசமானர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். விடுதலை பெற்றவர் அதே எசமானின் வயலில் பங்குக்கு விதைத்தார். விதையும் கலப்பையும் சாப்பாட்டுச் சாமானும் கடனுக்கு வந்தன. அறுவடையில் பங்கையும் கடனையும் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெள்ளையரைவிட அவர் குறைவாக உழைத்தார் என்று எந்த நேர்மையான சரித்திர ஆசிரியரும் சொல்லமாட்டார். அடிமையாகப் பிறந்து, 1838 இல் தப்பியோடி, நாடறிந்த பேச்சாளராக உயர்ந்த பிரெடெரிக் டக்ளஸ், தன்னைத் தானே உருவாக்கிக்கொண்ட மனிதரைப் பற்றிப் பல ஊர்களில் உரையாற்றினார். முழுக்க முழுக்கத் தன்னால் மட்டும் ஆனவர் எவரும் இல்லை என்பதை அந்த உரையிலேயே சொன்னார். கறுப்பினத்தவருக்கு முதலில் நியாயமான வாய்ப்பைக் கொடுங்கள் என்றும் கேட்டார்.

காணி கொடுக்கப்பட்டவரின் உழைப்பு சொத்தானது. காணி மறுக்கப்பட்டவரின் உழைப்பு கடனானது. அமெரிக்காவிடம் வன்னி கற்கவேண்டிய பாடம் இதுதான்.

இனி எங்கள் கதை. கிளிநொச்சி நகரம் உருவான விதத்தை நினைத்துப் பாருங்கள். 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1936 இல் யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கக் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. இரணைமடுக் குளத்தின் நீர், அளந்து கொடுத்த வயல், பேர்மிற் என்று நாங்கள் அழைக்கும் அனுமதிப் பத்திரம், இவற்றோடுதான் முதல் குடியேற்றவாசிகள் வந்தார்கள். மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டி அவர்கள் காட்டைக் கழனியாக்கினார்கள். அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று "எங்கட அப்பா ஒருவர் தயவிலும் நிற்கவில்லை" என்று சொல்லி, காணியில்லாத பக்கத்து வீட்டுக்காரரைச் சோம்பேறி என்கிறார்கள். அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் வந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள் என்று அவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும்.

விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர்களுக்குக் காணி கொடுத்த திட்டங்கள் இன்னொரு சாட்சி. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் செத்தல் மிளகாய் விற்ற காசில் வன்னியில் கல்வீடு எழுந்தது, உழவு இயந்திரம் வந்தது. 1977 க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி மிளகாயோடு விலை விழுந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த கை அதே கை. விடியற்காலையில் எழுந்த மனிதர் அதே மனிதர். அவருடைய தன்னம்பிக்கையில் எந்த மாற்றமும் வரவில்லை. விலை மாறியது, அவ்வளவுதான். தனிமனித முயற்சி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பவர்கள், அந்தக் கமக்காரரை மேலே தூக்கியதும் கீழே தள்ளியதும் எது என்று விளக்கட்டும்.

முயற்சியே உருவாக நின்ற மக்களுக்கு நடந்ததையும் வன்னி கண்டது. 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை எஸ்.ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் வவுனியாவிலும் அதன் எல்லைகளிலும் குடியமர்த்தியது. கிணறு வெட்டினார்கள், பாலர் பாடசாலை நடத்தினார்கள், கூட்டாகப் பயிர்செய்தார்கள். சுயமுன்னேற்றம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் தீவில் கிடைக்காது. 1983 ஏப்ரலில் தலைவர்கள் இருவரும் கைதானார்கள். யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அடுத்த வருடம், அந்த இயக்கம் குடியமர்த்தியிருந்த டொலர் பண்ணை, கென்ற் பண்ணை மக்கள் வெளியேற்றப்பட்டு, அந்த இடங்கள் கைதிகளின் குடியேற்றமாக்கப்பட்டன. தாங்களே தங்களை உயர்த்தியவர்களுக்கு அரசு கொடுத்த பதில் அது. அந்த மக்களின் வழிவந்தவர்களிடம் போய் முயற்சி போதாது என்று எந்த வாயால் சொல்வது?

யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின்னரான நிலைமைக்கு வருவோம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஊர் இராணுவத்திடம் இருந்ததால் சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டார்கள். வேறு இடங்களில் காணிக்குப் போனவர்களுக்கு அங்கே கண்ணிவெடி இருந்தது; முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை வருடக்கணக்கில் நீண்டது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மூடிய காணியை வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டுத் தன்னுடையதாக்கியது. இந்தத் தடைகளில் ஒன்றையாவது நேர்மறைச் சிந்தனையால் நகர்த்த முடியுமா?

வீட்டுக் கதையும் இதுவே. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. பயனாளியே முன்னின்று கட்டவேண்டும். சனம் மண் சுமந்தது, கல் அரிந்தது, போதாததற்கு நகையை அடகுவைத்தது. காணிக்குப் பேர்மிற் இருந்தவர் வீடு கட்டினார். பன்னங்கண்டியில் தனியார் காணிகளில் நெடுங்காலம் குடியிருந்த மலையக வழிவந்த குடும்பங்களிடம் காணி உரிமையைக் காட்டும் ஒப்பமில்லை. ஒப்பமில்லாததால் வீட்டுத்திட்டமும் இல்லை. 2017 இல் அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் அரசை மட்டும் குற்றம்சாட்டி நாங்கள் தப்பிக்க முடியாது. காணிக்காரரும் தமிழர், கூலிக்காரரும் தமிழர். வன்னி வயல்களில் குனிந்து நின்று நாத்து நட்ட கைகளுக்கு ஒரு பரப்புக் காணி எழுதிக் கொடுக்க மனமில்லாத சமூகம், அந்தக் கைகளுக்கு முயற்சியைப் பற்றி வகுப்பெடுக்க அருகதையற்றது.

இந்த உபதேசம் செய்த மிகப்பெரிய கேடு நுண்கடன். ஏழைப் பெண் ஒவ்வொருவரிடமும் ஒரு முதலாளி ஒளிந்திருக்கிறார், சிறு கடன் கொடுத்தால் அவர் வெளியே வந்துவிடுவார் என்ற எண்ணம் வங்காளதேசத்திலிருந்து உலகெங்கும் பரவியது. கிராமின் வங்கிக்கும் முகமது யூனுசுக்கும் 2006 இல் நோபல் பரிசும் கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் கடன் கம்பனிகள் வரிசையாக வன்னிக்கு வந்தன. யுத்தம் தின்ற ஊர்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களே வாடிக்கையாளர் ஆனார்கள்.

அது நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். கிழமையில் ஒரு நாள் காலை, யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் பாய் விரிக்கப்படும். குழுவில் உள்ள பெண்கள் கடன் கொப்பியோடு வந்து குந்துவார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் பொடியன் பெயர் கூப்பிட்டுக் காசு எண்ணுவான். ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர்கள் எழும்ப முடியாது; அவருடைய கட்டுக்காசை அவர்கள் பங்குபோட்டுக் கட்டவேண்டும். கட்ட முடியாதவர் வீட்டுப் படலையில் பொழுதுபட்ட பின்னும் ஆள் நிற்கும். நேற்றுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் அரிசி மாறியவர்கள் இன்று ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். இந்தக் கடனைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது கம்பனி. கோழிக்கூட்டுக்கு என்று எடுத்த காசு பிள்ளையின் வைத்தியச் செலவுக்கும் வெறும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போய்விடும். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போவதைப் பதிவு செய்தார். அதே வருடம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவையைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது; வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. தனிமனிதரின் பிழை என்று இத்தனை காலம் சொல்லப்பட்ட கடன், ஒழுங்குமுறையின் பிழை என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால் அந்தப் பெண்ணின் மனதில் ஏற்றிவைத்த குற்ற உணர்ச்சியை எந்த அரசாங்கமும் தள்ளுபடி செய்யவில்லை. "எனக்குத்தான் தொழில் செய்யத் தெரியேல்லை" என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். மழை பொய்த்ததும், சந்தை விழுந்ததும், வட்டி கழுத்தை நெரித்ததும் அவருடைய ஆளுமைக் குறைபாடாகிவிட்டன. மக்களை இப்படித் தங்களையே வெறுக்கவைப்பதை விடுதலை என்று அழைக்க நான் தயாரில்லை.

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் அரசைக் குறைசொல்லிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. வன்னிச் சனம் சும்மா இருக்கவே இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள். பிள்ளைகள் தெருவோரத்தில் படித்தார்கள், அங்கேயே சமைத்தார்கள், பனியில் படுத்தார்கள். மார்ச் 1 அன்று காணி திறந்தது. இரணைதீவு மக்கள் 1992 இல் தீவை விட்டு வெளியேற வேண்டிவந்து, கால் நூற்றாண்டு இரணைமாதா நகரில் இருந்தவர்கள். 2017 மே 1 அன்று தொடங்கிய போராட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியும் பதில் கிடைக்காதபோது, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில் தாங்களாகவே தீவுக்குப் போய், தேவாலயத்தடியில் தங்கிவிட்டார்கள். அதன் பின்னர்தான் அரசு இறங்கிவந்தது. பயிற்சிப் பட்டறை எதுவும் இந்தத் துணிச்சலை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தெருவோரத்தில் குந்தியிருந்தவர்களைப் பார்த்து "வேலைவெட்டி இல்லாத சனம்" என்றவர்களும் இருந்தார்கள். காணி கிடைத்த மறுநாளே பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கூடாரம் அடித்து அந்தச் சனம் அதற்குப் பதில் சொன்னது.

சேர்ந்து வாழ்வதிலேயே சுதந்திரம் இருக்கிறது என்பதை எங்கள் கமக்காரர்கள் வருடாவருடம் நடத்திக் காட்டுகிறார்கள். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது. கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தில் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுப்பார்கள். சத்தமும் சண்டையும் நடக்கும். கடைசியில் ஒவ்வொருவரும் தன் பங்கில் விட்டுக்கொடுத்து, வாய்க்கால் நுனியில் உள்ளவருக்கும் தண்ணீர் போக வழி விடுவார்கள். அவரவர் தன்னை மட்டும் பார்த்து மதகைத் திறந்தால், தலைவாய்க்காலில் உள்ள நாலு பேர் முன்னேறுவார்கள்; மிச்சப் பேரின் பயிர் கருகும். அந்த நாலு பேரையும் மேடையில் ஏற்றிச் சாதனையாளர் என்று பொன்னாடை போர்த்துவதைத்தான் இன்று முன்னேற்றம் என்கிறார்கள்.

மேடையேறுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வன்னிப் பிள்ளைகளுக்கு உற்சாகம் சொல்லுங்கள், வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. அதற்கு முன் அந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்குக் காணி ஒப்பம் இல்லை என்று கேளுங்கள். இராணுவமும் திணைக்களங்களும் பிடித்து வைத்திருக்கும் காணியைப் பற்றி அதே மேடையில் பேசுங்கள். புலம்பெயர் உறவுகளே, தன்னம்பிக்கைக் கருத்தரங்குக்குக் கொடுக்கும் காசை ஊரிலுள்ள சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் போடுங்கள். நியாயமான வட்டியில் ஒரு பெண் கடன் வாங்கித் தலைநிமிர்ந்து கட்டட்டும். வன்னியில் வயல் வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்கள், அங்கே குடியிருந்து உழைக்கும் குடும்பத்துக்கு வீட்டு நிலத்தையாவது எழுதிக் கொடுங்கள்.

ஷெல் மழைக்குள் பங்கர் வெட்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றி, எல்லாவற்றையும் இழந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்து மீண்டும் தொடங்கிய மக்கள் இவர்கள். அவர்களுக்கு முயற்சியைக் கற்பிக்கும் தகுதி எங்கள் ஒருவருக்கும் கிடையாது. அவர்கள் கேட்பது காணி, தண்ணீர், நியாயமான விலை, கழுத்தை நெரிக்காத கடன். இந்த நான்கையும் கொடுத்துவிட்டு ஐந்து வருடம் கழித்து வந்து அவர்களின் முயற்சியை அளந்து பாருங்கள்.